ஆயுத பூஜையன்று எஞ்சின் இறக்குதல்

என் மனைவி வசுமதி எங்கள் காரின் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருந்தாள். வெள்ளிக்கிழமை காலை வண்டியில் ஏறிக் கிளட்ச்சை மிதித்தாள். உள்ளே போய்விட்டாள். பழைய வண்டிகளில் இது நடப்பதுதான்.

அவளோடு பேசுவதில் சிரமம் இல்லை. கியர் கம்பியின் தலையில் காதை வைத்தால் தெளிவாகக் கேட்டது. வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும். ரிவர்ஸில் போட்டால், எங்கள் கல்யாணப் பந்தியில் என் அக்கா நடந்துகொண்ட விதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். அதனால் ரிவர்ஸ் பக்கமே நான் போகவில்லை.

“உள்ள எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“நிக்கலாம். உக்கார முடியாது.”

“இருட்டா?”

“இருட்டுதான். கிரீஸ் வாசனை வருது. உங்க சட்டைக் காலர் மாதிரி.”

மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் கியர் கம்பியில் காதை வைத்தார். “வணக்கங்க மேடம்” என்றார். பிறகு எதையும் தொடாத கையைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

“ஆள் இருக்கிற வண்டியில நாங்க கை வைக்கிறதில்ல சார். மேடம் வெளிய வந்ததும் ஒரு போன் அடிங்க. இறக்கிடலாம்.”

“வெளிய வரணும்னாதானே இறக்கணும்?”

“அதாங்க சார். வந்ததும் இறக்கிடலாம்.”

அவர் போய்விட்டார். அவர் சொன்ன ‘அதாங்க’ மட்டும் கொஞ்ச நேரம் பார்க்கிங்கில் நின்றுகொண்டிருந்தது. பிறகு அதுவும் போயிற்று.

நானே இறக்குவது என்று முடிவு செய்தேன். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகத் தூக்கி வெளியே எடுக்க வேண்டும். தரையில் வைத்து இரண்டையும் பிரிக்க வேண்டும். பிரித்தால் வசுமதி வந்துவிடுவாள். வேலை இவ்வளவுதான்.

அவசரமும் இருந்தது. அன்றைக்கு ஆயுத பூஜை. எங்கள் குடியிருப்பில் சாயங்காலம் எல்லா வண்டிகளுக்கும் சேர்த்துப் பூஜை போடுவார்கள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் ஒவ்வொரு வண்டியிலும் ஏறிச் சாவியைத் திருகிக் கிளப்பி, பழத்தை நசுக்குவார். வண்டி யாருடையதாக இருந்தாலும் சாவியைத் திருகுகிற உரிமை அவருடையது. எங்கள் வண்டியைக் கிளப்பினால் கிளட்ச் சுற்றும். கிளட்ச் இருக்கும் இடத்தில் வசுமதி இருந்தாள்.

“மிக்ஸியில போட்ட சட்னி மாதிரி ஆயிடுவேன் நான்” என்றாள் அவள்.

“அதுக்குள்ள எடுத்துடுவேன் வசு.”

“நீங்க ஹால்ல டியூப்லைட் மாத்த ஆரம்பிச்சது தீபாவளிக்கு. வெளிச்சம் வந்தது பொங்கலுக்கு.”

“இது வேற.”

“வேறதான். டியூப்லைட்டுக்கு வலிக்காது.”

காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். பானெட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தேன். பேட்டரி ஒயரை எடுத்தேன். ரேடியேட்டர் தண்ணீரைப் பச்சைப் பக்கெட்டில் பிடித்தேன். ஹோஸ் பைப்புகளைப் பிடுங்கினேன். கார் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தது. பல் மருத்துவரிடம் உட்கார்ந்திருக்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அப்போது சங்கத்தின் பொருளாளர் ஏகநாதன் வந்தார். ஒரு கையில் பெரிய தாம்பாளம். இன்னொரு கையில் சந்தனக் கிண்ணம்.

“ஆயுதம் இருந்தா குடுங்க பி நாலு சார்” என்றார். எங்கள் குடியிருப்பில் யாருக்கும் பெயர் கிடையாது. வீட்டு எண்தான். “சாமி காரியம்.”

நான் கொடுத்துவிட்டேன்.

ஸ்பேனர் செட்டைக் கொடுத்தேன். சாக்கெட் பெட்டியைக் கொடுத்தேன். ஸ்க்ரூ டிரைவர்கள், சுத்தியல், ஜாக்கி, எஞ்சினைத் தூக்குவதற்கென்று கொண்டுவந்து வைத்திருந்த செயின் பிளாக், எல்லாவற்றையும் கொடுத்தேன். சாமி காரியம் என்று யாராவது கேட்டால் என் கை என்னைக் கேட்பதில்லை. தானாக நீளும். என் அப்பாவின் கையும் அப்படித்தான் இருந்தது. ஏகநாதன் ஒவ்வொன்றாக வாங்கிச் சந்தனம் தடவினார். அதன் மேல் குங்குமம் வைத்தார். பூஜை மேடைக்குக் கொண்டுபோய் அடுக்கினார். அவர் திரும்பி நடக்கும்போதுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரிந்தது.

பொட்டு வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியும் வரை தொடக் கூடாது. அது ஓய்வில் இருக்கிறது. தொட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஏனென்றால் யாரும் தொட்டதில்லை.

கியர் கம்பியில் வாயை வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

“எல்லாத்தையுமா?”

“ம்.”

“ஒரு பதினாலாம் நம்பர் ஸ்பேனரைக்கூட வச்சுக்கலையா?”

“கேட்டாங்க.”

“கேட்டா குடுத்துடுவீங்களா? நான் ஒரு அம்மிக்கல்லை நகர்த்தித் தாங்கன்னு கேட்டா ‘பாக்கலாம்’பீங்க.”

“அது சாமி காரியம் இல்லையே.”

“நான் வெளிய வந்தா முதல்ல உங்களுக்குத்தான் பூஜை” என்றாள்.

மேடைக்குப் போனேன். பார்க்கிங்கின் மறுகோடியில் மேடை. நான் நடக்க நடக்கப் பார்க்கிங் நீண்டுகொண்டே போயிற்று. வழியில் தூண்களுக்குப் பக்கத்தில் குடியிருப்போர் நின்றார்கள். தூணுக்கு ஒரு குடும்பம். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் தன் பையனை இழுத்து அணைத்துக்கொண்டாள். பையனுக்கு என்னைவிட வயது அதிகம்.

மேடையில் செயலாளர் கும்பலிங்கம் உட்கார்ந்திருந்தார். அவர் மேல் சால்வைகள் இருந்தன. அவர் பேசுவதற்கு முன்னால் ஒரு சால்வை போடுவார்கள். பேசி முடித்ததும் நன்றி தெரிவித்து ஒரு சால்வை. நவராத்திரி தொடங்கியதிலிருந்து அவர் பேசிக்கொண்டிருந்தார். ஆகவே இப்போது அவர் ஒரு நெல்மூட்டை அளவுக்கு வந்திருந்தார். மேலே முகம் கொஞ்சம் தெரிந்தது.

“ஐயா, ஒரு ஸ்பேனர் மட்டும் திருப்பித் தரணும்” என்றேன்.

செயலாளர் வாயைத் திறந்தார். ஏகநாதன் கையைக் காட்டி நிறுத்தினார். ஓடிப்போய் ஒரு சால்வையைப் போர்த்தினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

“பெருமதிப்பிற்குரிய குடியிருப்போரே” என்றார் கும்பலிங்கம். “ஆயுதம் என்றால் என்ன? இந்தக் கேள்வியை நான் என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நானே பதில் சொல்லியிருக்கிறேன். ஆயுதம் என்பது ஆயுதமே. இதை இன்று வரை எவரும் மறுத்ததில்லை. ஆகவே ஸ்பேனர் தருவதற்கில்லை.”

கைதட்டல். நன்றிச் சால்வை. முகம் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று.

“என் மனைவி கிளட்ச்சுக்குள்ள இருக்காங்க ஐயா. சாயங்காலம் வண்டியைக் கிளப்பினா செத்துடுவாங்க.”

“யாரைக் கேட்டுட்டு உள்ள போனாங்க?” என்றார் ஏகநாதன்.

“யாரையும் கேக்கல. கிளட்ச்சை மிதிச்சாங்க.”

“பார்க்கிங்ல வண்டி நிறுத்தலாம் சார். ஆள் நிறுத்தக் கூடாது.”

“எங்க வண்டியை மட்டும் விட்டுடுங்களேன். இந்த ஒரு வருஷம் பழம் நசுக்க வேணாம்.”

தூண்களுக்குப் பக்கத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. முதலில் தாழ்வாக. பிறகு வண்டியை ரேஸ் செய்வதுபோல.

“ஒரு வண்டியை விட்டா எல்லா வண்டியும் ரிப்பேர் ஆகும்” என்றார் ஏ இரண்டு.

“போன வருஷம் என் ஸ்கூட்டருக்கு ஒரு பழம் சரியா நசுங்கல. இன்னிக்கு வரைக்கும் இன்டிகேட்டர் எரியல” என்றார் டி மூன்று.

“அந்தம்மாவே வெளிய வர இஷ்டமில்லாம இருக்கலாமில்ல?” என்றாள் சி ஒன்று வீட்டுப் பெண். “இவரோட குடித்தனம் பண்ணியிருந்தா நான் எப்பவோ சைலன்சருக்குள்ளயே போயிருப்பேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தினார்கள். யாரோ ஸ்விட்சை அணைத்தது போல இருந்தது.

வீட்டுக்கு ஏறினேன். சமையலறையில் இடுக்கியை எடுத்தேன். திரும்பினால் ஏகநாதன் நின்றார்.

“இடுக்கி. ஆயுதம்” என்றார். பொட்டு வைத்தார்.

தேங்காய்த் துருவியை எடுத்தேன். பொட்டு. தோசைத் திருப்பியை எடுத்தேன். பொட்டு. பூட்டை எடுத்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “திருடனுக்கு எதிரா நிக்குது. ஆயுதம்.” பொட்டு. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்தேன். அவர் வாளிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பொட்டு. அவர் கிண்ணத்தில் சந்தனம் குறையவே இல்லை.

“கையாலேயே கழட்டிக்கறேன்” என்றேன்.

“கை” என்றார் ஏகநாதன். “எல்லா ஆயுதத்துக்கும் அதுதானே தாய்.”

என் வலது உள்ளங்கையில் பொட்டு வைத்தார். சந்தனம் குளிர்ச்சியாக இருந்தது. உடனே கை ஓய்வுக்குப் போயிற்று. கும்பிடுவதற்காக நெஞ்சுக்கு நேரே வந்து, அங்கேயே நின்றுவிட்டது. பாதி வணக்கம்.

அவர் என் இடது கையைப் பார்த்தார். கிண்ணத்தை நீட்டினார். பிறகு முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினார்.

“பீச்சாங்கைக்கு எவன் பொட்டு வைப்பான்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பாதி வணக்கத்தோடு காருக்கு வந்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“பீச்சாங்கைக்கு வைக்கலையா?” என்றாள் வசுமதி.

“வைக்கல.”

“அப்ப அவன் வைக்காத ஜாதி ஒண்ணு இருக்கு. யோசிங்க. மாட்டுக் கொம்புக்கு வைப்பான், லாரி பம்பருக்கு வைப்பான், தண்ணி மோட்டாருக்கு வைப்பான். எதுக்கு வைக்க மாட்டான்?”

யோசித்தேன்.

“மெதுவா யோசிங்க. எனக்கென்ன, நின்னுட்டுத்தானே இருக்கேன்.”

“தெரியல வசு.”

“குனிஞ்சு பாருங்க. கால்ல என்ன இருக்கு?”

குனிந்தேன். செருப்பு இருந்தது. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு.

வலது செருப்பைக் கழற்றினேன். வாரைப் பல்லால் பிடுங்கினேன். வார் செருகியிருந்த முன்பக்க ஓட்டையில் பதினாலாம் நம்பர் போல்ட் கச்சிதமாக உட்கார்ந்தது. பின்பக்க ஓட்டை பதினேழாம் நம்பருக்கு. இதை யாராவது ஏற்கெனவே கண்டுபிடித்திருக்க வேண்டும். வெளியே சொல்ல வெட்கப்பட்டிருப்பார்கள்.

ஏகநாதன் தூணுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தார். “ஆயுதம்” என்றார். கிண்ணத்தைச் செருப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அவர் விரல் சந்தனத்தைத் தொட்டது. விரல் செருப்பை நோக்கி வந்தது. பாதி வழியில் நின்றது. தூண்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

“பூஜை அன்னிக்குச் செருப்பால அடிக்கிறீங்களா வண்டியை?” என்றார் அவர்.

“அடிக்கல. கழட்டறேன்.”

“இதுக்கெல்லாம் பதில் சொல்லணும் பி நாலு.”

“சொல்றேன். கொஞ்சம் தள்ளுங்க. வெளிச்சம் மறைக்குது.”

அவர் மேடைக்கு ஓடினார். நான் வண்டிக்கு அடியில் போனேன்.

இடது கையால் வேலை செய்தால் எல்லாம் தலைகீழ். இறுக்கினால் தளர்ந்தது. தளர்த்தினால் இறுகியது. பழகிவிட்டது. சைலன்சர் பைப்பைப் பிரித்தேன். பின் சக்கரத்துக்குப் போகும் நீள ஷாஃப்ட்டைக் கழற்றினேன். கியர் ஆயில் என் நெற்றியில் ஒழுகியது. பொட்டு வைக்கிற இடம்தான். ஆனால் நெற்றி ஓய்வுக்குப் போகவில்லை; இது வெறும் எண்ணெய். எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங்குகளை விடுவித்தேன். போல்ட்டுகள் விழும்போது ஒவ்வொன்றும் என் காதுக்கு மட்டும் கேட்கும்படி ஒரு கெட்ட வார்த்தை சொன்னது. அவை என் பக்கம் இல்லை. அந்தக் கட்டடத்தில் எதுவும் என் பக்கம் இல்லை.

கடைசியில் கியர் கம்பி மிஞ்சியது. அதைக் கழற்றாமல் கியர்பாக்ஸ் வராது.

உள்ளே ஏறி உட்கார்ந்தேன். காதை வைத்தேன்.

“வசு, இதைக் கழட்டணும்.”

“கழட்டுங்க.”

“கழட்டிட்டா பேச முடியாது.”

“பேசி இதுவரைக்கும் என்ன கிழிச்சோம்?”

“பயமா இருக்கா?”



“கால் வலிக்குது” என்றாள். “சீக்கிரம் பண்ணுங்க.”

கழற்றினேன். கம்பி கையோடு வந்தது. அது இருந்த ஓட்டையில் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

மேடையில் மைக் உயிர் பெற்றது. ஏகநாதன் அறிவித்தார். தவிர்க்க முடியாத காரணத்தால் சாயங்காலம் இப்போதே நடைபெறும் என்றார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அறிவிப்பைக் கேட்டதும் நின்றது. இருட்டிக்கொண்டு வந்தது. கொசுவும் வந்தது. குடியிருப்போர் தூண்களை விட்டு நகர்ந்தார்கள். எலுமிச்சம்பழங்களைக் கொண்டுவந்து எங்கள் வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் வைத்தார்கள். நான் இறங்கிப் பழத்தைத் தட்டிவிடக் கையை நீட்டியபோது என் விரலை மிதித்தார்கள். தெரியாமல் மிதித்ததாகத் தெரியவில்லை. டி மூன்று இரண்டு முறை மிதித்தார்.

“இந்த வண்டியிலேர்ந்து ஆரம்பிப்போம்” என்றார் ஏகநாதன்.

நான் கழற்றியிருந்த பேட்டரி ஒயரை அவரே எடுத்து மாட்டினார்.

கும்பலிங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடக்க அவரால் முடியவில்லை. சால்வைகளுக்குள் கால் எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியவில்லை. டிரைவர் பக்கத்துக் கதவு வழியாகத் திணித்தார்கள். முதலில் போகவில்லை. ஏ இரண்டு முழங்காலால் தள்ளினார். உள்ளே போய்விட்டார். சீட் முழுவதும் சால்வையாக இருந்தது.

“சாவியைத் திருகுங்க ஐயா” என்றார் ஏகநாதன்.

சால்வைக் குவியல் அசைந்தது. ஒரு பக்கம் புடைத்தது. பிறகு இன்னொரு பக்கம். கை வெளியே வரவில்லை.

“இத்தருணத்தில்” என்றது உள்ளிருந்து குரல், “நான் கூறிக்கொள்ள விரும்புவது யாதெனில்…”

பேச்சு ஆரம்பித்துவிட்டதால் எல்லாரும் கைகட்டி நின்றார்கள். செயலாளர் பேசும்போது யாரும் அசையக் கூடாது. எனக்கு அது போதும்.

எஞ்சினைத் தூக்கக் கயிறு வேண்டும். செயின் பிளாக் மேடையில் பொட்டோடு ஓய்வெடுத்தது. நான் காரின் இன்னொரு கதவைத் திறந்து சால்வையின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். வந்தது. சரிகை போட்ட நல்ல சால்வை. அடுத்ததை இழுத்தேன். அதுவும் வந்தது. ஒற்றைக் கையாலும் பல்லாலும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டேன். முடிச்சுப் போட்டதை எஞ்சினுக்கு அடியில் கொடுத்து, கூரையின் இரும்பு உத்தரத்துக்கு மேலே வீசினேன். இன்னும் நீளம் வேண்டியிருந்தது. இன்னும் இழுத்தேன்.

“நமது குடியிருப்பின் ஒழுக்கம்” என்றது குரல். கைதட்டினார்கள். “நமது குடியிருப்பின் ஒழுங்கு.” கைதட்டினார்கள்.

குவியல் சிறியதாகிக்கொண்டே வந்தது. நெல்மூட்டை தலையணையாயிற்று. தலையணை தேங்காய்ப் பையாயிற்று. கடைசிச் சால்வையையும் உருவினேன். சீட்டில் யாரும் இல்லை. சீட் உறையில் ஒரு பழைய கிழிசல் மட்டும் இருந்தது.

“அவை இரண்டும் நமது இரு கண்கள்” என்றது குரல்.

கைதட்டினார்கள். சீட்டில் ஆள் இல்லாதது யாரையும் உறுத்தவில்லை. பேச்சுக்கு ஆள் தேவைப்படுவதாக அவர்கள் நினைத்ததில்லை போலிருந்தது.

சால்வைக் கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டு முழு உடம்பையும் தொங்கவிட்டேன். எஞ்சின் முனகியது. மூக்கு மேலே ஏறியது. வால் கீழே தாழ்ந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸுமாக ஒரு பெரிய மீனைப்போல வண்டிக்குள்ளிருந்து எழுந்து, முன்பக்கத்தைத் தாண்டி, ஊசலாடி வெளியே வந்தது. சரிகை நூல்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. சாக்கின் மேல் இறக்கினேன். இறக்கும்போது நாக்கைக் கடித்துக்கொண்டேன். வசுமதி உள்ளே எப்படி நின்றிருப்பாள் என்று நினைத்தேன். தலைகீழாகத்தான் நின்றிருப்பாள்.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற போல்ட்டுகளைச் செருப்பால் கழற்றினேன். கடைசி போல்ட் வர மறுத்தது. அதற்குச் செருப்பின் மறுபக்கத்தைக் காட்டினேன். வந்துவிட்டது. கியர்பாக்ஸைக் காலால் அணைத்துப் பின்னால் இழுத்தேன். நீண்ட பெருமூச்சோடு பிரிந்தது.

நடுவில் கிளட்ச் தட்டு இருந்தது. அதற்குப் பின்னால் ஃபிளைவீல் இருந்தது.

வசுமதி இல்லை.

“வசு” என்றேன்.

“என்ன?” என்றது எஞ்சின்.

“என்ன?” என்றது கியர்பாக்ஸ்.

இரண்டும் வசுமதியின் குரல். கொஞ்சம் சலிப்பு, தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு. ஒரே நேரத்தில் வந்தது.

“எங்க இருக்க?”

“இங்கதான்” என்றன இரண்டும்.

“அந்தப் பக்கம் யாரு?” என்றது எஞ்சின்.

“அதை நான் கேக்கணும்” என்றது கியர்பாக்ஸ்.

செயலாளரின் பேச்சு முடிந்துவிட்டது. குடியிருப்போர் அசைய ஆரம்பித்தார்கள். எங்களைச் சுற்றி வட்டமாக நெருங்கினார்கள். ஏகநாதன் சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் வந்தார்.

“இதுல எது உங்க வீட்டம்மா?”

“தெரியல.”

“பி நாலுக்கு ஒரு வீட்டம்மாதான். ரெண்டு வச்சுக்க முடியாது. ஒண்ணை எடுத்துட்டு மேல போங்க. இன்னொண்ணுக்குப் பொட்டு வச்சுக் கிளப்பணும். பழம் காத்துட்டிருக்கு.”

“நாளைக்குச் சொல்றேன்.”

“நாளைக்கு மறுபூஜை. நாளைக்கு யாரும் எதையும் சொல்றதில்ல.”

வட்டம் இன்னும் சிறியதாயிற்று. யாருடைய முழங்காலோ என் முதுகில் பட்டது. நான் எஞ்சின் பக்கம் குனிந்தேன்.

“நமக்கு எந்த மண்டபத்துல கல்யாணம் ஆச்சு?”

“ரயில்வே கேட் பக்கத்துல. ஃபேன் ஓடாத மண்டபம்” என்றது எஞ்சின்.

“மாலை மாத்தும்போது உங்க மூக்குலேர்ந்து ரத்தம் வந்துது” என்றது கியர்பாக்ஸ்.

இரண்டும் சரி.

“வேற ஏதாவது பேசுங்க” என்றேன்.

எஞ்சின் கொஞ்சம் தயங்கியது. பிறகு, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டது. “காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்களே. முகமெல்லாம் வாடிப் போச்சு.”

“எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டு, இப்ப வந்து பரீட்சை வைக்கறீங்களா?” என்றது கியர்பாக்ஸ். “கொஞ்சமாவது அறிவு இருக்கா உங்களுக்கு?”

எனக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து வசுமதி என்னைச் சாப்பிட்டீங்களா என்று கேட்டதே இல்லை. தட்டை மேசையில் வைப்பாள். வைக்கிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பசித்த ஆளைப் பார்த்தாலே தெரியாதா, அதில் கேள்வி என்ன என்பது அவள் கட்சி.

“இதுதான்” என்றேன். கியர்பாக்ஸைக் காட்டினேன்.

“நிச்சயமா?” என்றார் ஏகநாதன்.

“நிச்சயமா.”

அவர் எஞ்சினின் தலையில் சந்தனம் தடவி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டாக வைத்தார். எஞ்சின் ஏதோ சொல்ல வந்தது. பொட்டு வைத்ததும் நின்றுவிட்டது. டி மூன்றும் ஏ இரண்டும் அதைத் தூக்கி வண்டிக்குள் வைத்தார்கள். அவ்வளவு கனத்தை இரண்டே பேர் சிரமமில்லாமல் தூக்கினார்கள். காலையில் யாராவது கேட்டிருந்தால் முதுகுவலி என்றிருப்பார்கள்.

கியர்பாக்ஸை இடது தோளில் சாய்த்துக்கொண்டு லிஃப்ட்டுக்குள் போனேன். கதவு மூடும் வரை எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் ஏறியது. எங்கள் மாடி வந்தது. நிற்காமல் இன்னும் மேலே போயிற்று. எங்கள் மாடியை மேலே மாற்றியிருந்தார்கள் போல. கியர்பாக்ஸ் என் தோளில் எண்ணெயை ஒழுகவிட்டது. நான் எதுவும் சொல்லவில்லை. அவள் கால் வலியோடு இருந்தாள்.

வீட்டுக்குள் போய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அடியில் ஒரு செய்தித்தாளை விரித்திருக்கலாம். வசுமதி இதைச் சொல்லிக்காட்டுவாள் என்று நினைத்தேன். காத்திருந்தேன்.

கீழே ஏகநாதன் சாவியைத் திருகினார்.

எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. கியர்பாக்ஸ் இல்லாததால் இழுக்க எடை எதுவும் இல்லை. ஒரே ஏற்றமாக ஏறியது. ஜன்னல்கள் அதிர்ந்தன. ஒவ்வொரு மாடியாக அந்தச் சத்தம் ஏறி வந்தது. எங்கள் மாடிக்கு வந்தபோது அதில் வார்த்தைகள் இருந்தன.

“அறிவு இருக்கா உங்களுக்கு” என்று கத்தியது. “என்னை விட்டுட்டு எதைத் தூக்கிட்டுப் போறீங்க? கண்ணு தெரியாதா? நீங்க உருப்படுவீங்களா?”

கீழே கைதட்டினார்கள். எஞ்சின் நல்ல நிலைமையில் இருக்கிறது என்று யாரோ மைக்கில் சொன்னார்கள்.

நான் கதவுக்கு ஓடினேன். கைப்பிடியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. ஈரம் காயவில்லை. இடது கையால் தொட்டேன். கைப்பிடி ஓய்வில் இருந்தது. திரும்பவில்லை.

சத்தம் இன்னும் கொஞ்சம் ஏறி, உடைந்து, நின்றது.

நான் திரும்பினேன். மேசையின் மேல் இருந்த கியர்பாக்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டது.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டது.

“ஆச்சுங்க” என்றேன். அறிமுகமில்லாதவர்கள் கேட்டால் அப்படித்தான் சொல்வது.